ரயிலுக்குச் சோறு போட்ட ஊர்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை இரவு. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. மழை விட்டபாடில்லை. நிலையத்தைத் தாண்டிச் செய்துங்கநல்லூர் போகும் பாதையில், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இரும்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ரயிலுக்குள் சுமார் 800 பேர். ஒரு பகுதியினரை அன்றிரவே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதற்குள் சாலையும் மூழ்கிவிட, மீதிப் பேர் ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்களும் முதியவர்களும் அதில் இருந்தார்கள்.

காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையைவிட அது அதிகம். சாலை அறுந்தது, மின்சாரம் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் செத்தன. அரசின் உதவி போய்ச் சேரும்வரை அந்த ரயில் பயணிகளுக்குச் சோறு போட்டவர்கள், பக்கத்தில் இருந்த புதுக்குடி ஊர்மக்கள். வீட்டில் இருந்ததை எடுத்துவந்து, கோயிலில் அடுப்பு மூட்டி, வெள்ளத்தில் இறங்கிச் சுமந்துபோய்க் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதை மனிதாபிமானம் என்று பத்திரிகைகள் எழுதின. எழுதியது சரிதான். ஆனால் மனசு மட்டும் இருந்தால் உலை கொதிக்காது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வடிப்பதற்கு அந்த ஊரில் அரிசி இருந்தது. அண்டாவும் விறகும், அளவறிந்து உலை வைக்கும் கைகளும் இருந்தன. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடும் சிறு விவசாயிகளின் வட்டாரம் அது. எல்லாவற்றையும் அன்றன்றைக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் ஊராக அது மாறியிருந்தால், அந்த இரண்டு நாள் கதையே வேறாக இருந்திருக்கும்.

உணவுப் பாதுகாப்பு என்று சொன்னதும் டெல்லியின் கிடங்குகளும் புள்ளிவிவரங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. கிடங்கு வேண்டும், ரேஷன் கடை வேண்டும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வேண்டும். ஆனால் சரக்கு வருகிற வழி அறுந்துபோகும் நாளில் ஓர் ஊரைக் காப்பாற்றுவது, அந்த ஊரிலும் அதைச் சுற்றியும் விளைவதும், பிடிபடுவதும், காய்ச்சி வைக்கப்படுவதும்தான். முத்துக் குளித்த தூத்துக்குடிக் கடற்கரை இதற்கு நல்ல சாட்சி. பெரிய துறைமுகமும், இரண்டு ஏக்கர் விவசாயியும், நாட்டுப்படகும், கருப்பட்டி தரும் பனங்காடும் ஒரே மாவட்டத்துக்குள் இங்கே இருக்கின்றன.

கப்பலில் வருவதும் தோணியில் போவதும்

1974 ஜூலை 11 அன்று நாட்டின் பத்தாவது பெரிய துறைமுகமாகத் தூத்துக்குடி அறிவிக்கப்பட்டது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரக் கம்பெனியோடு மல்லுக்கட்டிய வ.உ.சிதம்பரனாரின் பெயர் 2011இல் அதற்குச் சூட்டப்பட்டது. இன்று ஆண்டுக்கு நான்கு கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. நிலக்கரி, மரத்தடி, உர மூலப்பொருள், சமையல் எண்ணெய், ஆப்பிரிக்க முந்திரிக்கொட்டை என்று கப்பலில் வருகிற பட்டியல் நீளும். இந்தியா சமையலுக்கு ஊற்றும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. ஊருக்கு நடுவே செக்கு சுற்றிய நாடு இது.

துறைமுகத்தின் இன்னொரு முகம் பழைய துறைமுகத்தில் இருக்கிறது. மரத்தால் கட்டிய தோணிகள் அங்கே இன்னும் சரக்கேற்றுகின்றன. வெங்காயம், உருளைக்கிழங்கு, காய்கறி, மளிகை, செங்கல், சிமெண்ட் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணி ஓடாது. கடல் அமர்ந்த பிறகுதான் கயிறு அவிழ்ப்பார்கள். பவளத் தீவுகளான மாலத்தீவில் விளைநிலம் சொற்பம். சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட எல்லாமே கப்பலில் வர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொச்சி வழியாக மாலே வரை நேரடிச் சரக்குக் கப்பல் சேவை 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டபோதும், 2024–25 நிதியாண்டில் மாலத்தீவுக்கு 35,749 டன் வெங்காயமும் 1,24,218 டன் அரிசியும் அனுப்பத் தனி அனுமதி கொடுத்தது. அதை அனுப்ப முதலில் குறிக்கப்பட்ட நான்கு வாயில்களில் தூத்துக்குடியும் ஒன்று.

ஒரு நாட்டின் அடுப்பு இன்னொரு நாட்டின் அரசாணையை நம்பி எரிகிறது. அந்த ஆணை நட்போடு வரும்வரை சரி.

அக்கரையில் இலங்கை பட்டது இன்னும் கண்முன் நிற்கிறது. 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். விவசாயி தயாராவதற்கு அவகாசமே கொடுக்கவில்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலையும் சரிந்தது. சில மாதங்களில் உத்தரவைத் திரும்பப் பெற்றாலும் போன போகம் போனதுதான். 2022இல் டாலர் தீர்ந்தபோது வெளியிலிருந்து வாங்கவும் வழியில்லை. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் என 123 கோடி ரூபாய் மதிப்புள்ள உதவியை அறிவித்தது. முதல் கப்பல் மே மாதம் சென்னையிலிருந்து போனது. ஜூனில் வ.உ.சி. துறைமுகத்திலிருந்து 14,000 டன்னுக்கு மேற்பட்ட அரிசியோடு அடுத்த கப்பல் கிளம்பியது. அதே ஜூன் மாதம், வீட்டுத் தோட்டத்தில் ஏதாவது பயிரிடுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தது இலங்கை அரசு. தன் சிறு விவசாயியைக் கைவிட்ட அரசு, ஓர் ஆண்டு கழித்துத் தன் குமாஸ்தாவை விவசாயம் பார்க்கச் சொன்னது.

இரண்டு ஏக்கருக்குள் ஒரு நாடு

2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் கையில் இருக்கும் நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இங்குள்ள விவசாயிகளில் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். உலகக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகின் பண்ணைகளில் ஆறில் ஐந்து இரண்டு ஹெக்டேருக்கும் சிறியவை. விவசாய நிலத்தில் அவற்றின் பங்கு 12 சதவீதம் மட்டுமே. உலக உணவில் அவை தருவது மூன்றில் ஒரு பங்கு. ‘சின்ன நிலத்தால் ஊருக்குச் சோறு போட முடியாது’ என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று எண்களையும் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடியின் வடக்குப் பாதி கரிசல். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் எல்லாமே வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உளுந்தும் பாசிப்பயறும் எழுந்துவிட்டால் தையில் கையில் காசு. மழை பொய்த்தால் விதையும் போச்சு, உழவுக்கூலியும் போச்சு. அறுவடை நேரத்தில் மழை வந்து கெடுப்பதும் உண்டு. 1901ஆம் ஆண்டிலிருந்தே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரி விவசாயத்துக்கு நூற்றாண்டு தாண்டிய அறிவு அதன் கையில் உண்டு.

ஒரு காலத்தில் இங்கே கம்பும் சோளமும்தான் வீட்டுச் சாப்பாடு. பிறகு மக்காச்சோளம் வந்தது. கோழித் தீவனத்துக்கு உடனே விற்றது, விலையும் கிடைத்தது. விவசாயி மாறியதில் குற்றமில்லை. 2018இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தபோது, காடுகாடாக ஒரே பயிரைப் போட்டிருந்த கரிசல் வட்டாரம் கதிகலங்கிப் போனது. கம்பு, சோளம், உளுந்து, மல்லி, வத்தல் என்று ஒரே புஞ்சையில் கலந்து போட்டவர்களுக்கு ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுத்தது. பாட்டன் காலத்துப் பழக்கம் என்று ஒதுக்கி வைத்ததில் இருந்த கணக்கு அப்போது புரிந்தது.

உளுந்தின் சங்கடம் வேறு. 2025–26 பருவத்துக்கு உளுந்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். இன்னொரு கையால் அதே அரசு, பர்மாவிலிருந்து வரும் உளுந்துக்கான வரிவிலக்கை 2026 மார்ச் வரை நீட்டித்தது. நகரத்தில் இட்லி விலை ஏறக்கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனால் விளாத்திகுளத்து விவசாயி களத்தில் உளுந்தைக் குவிக்கும் தை மாதத்தில் வெளிச்சரக்கும் சந்தையில் வந்து இறங்கினால், ஆதரவு விலை அவனுக்குக் காகிதத்தில் மட்டும்தான் ஆதரவு. 2025 அக்டோபரில் 11,440 கோடி ரூபாயில் பருப்புத் தன்னிறைவு இயக்கம் தொடங்கப்பட்டிருக்கிறது. பதிவு செய்துகொள்ளும் விவசாயிகளிடமிருந்து துவரை, உளுந்து, மசூர் மூன்றையும் நான்கு ஆண்டுகளுக்கு முழுமையாக ஆதரவு விலையில் வாங்குவோம் என்று அது வாக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வாக்கு புதூர் ஒன்றியத்துக் கடைசிக் கிராமம் வரை வந்து சேர்ந்தால்தான் வாக்கு.

மாவட்டத்தின் தெற்குப் பாதியில் ஆறு உண்டு, அங்கும் பாடு உண்டு. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி ஸ்ரீவைகுண்டம். மேலே எல்லோரும் எடுத்ததுபோக மிஞ்சுவதுதான் அதன் வடகாலுக்கும் தென்காலுக்கும். அதிலிருந்து ஆலைகளுக்கும் தண்ணீர் போனது. கடைமடை விவசாயிகளின் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கோடையில் வாழைக்குத் தண்ணீர் இல்லை, மார்கழியில் வாழையே தண்ணீருக்குள். கடைமடைக்காரர்களுக்கு இரண்டும் பழகிப்போன துயரம்.

சிரட்டையில் ஊற்றிய சேமிப்பு

உடன்குடிக்குப் போனால் நிலம் தேரி என்னும் செம்மணல் மேடாக மாறும். அங்கே பனை நிற்கிறது. யாரும் தண்ணீர் விட்டதில்லை, உரம் வைத்ததில்லை. பஞ்சத்திலும் நிற்கும், புயலிலும் நிற்கும். விடியுமுன்பே பனையேறி மரத்தில் இருப்பார். பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதனி புளித்துவிடும். இறக்கிய பதனியை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி அடுப்பேற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். எரிக்க அதே பனையின் காய்ந்த ஓலையும் மட்டையும். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நுணுக்கிப் போடுவார்கள், நுரை அடங்கும். நிறம் தேனாகி, பிறகு தேக்காகி, துடுப்பில் கனம் தெரியும்போது கண்ணை எடுக்கக் கூடாது. பதம் ஒரு நிமிஷம் பிந்தினால் கருகும், முந்தினால் இளகும். இறக்கிக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. எட்டு, பத்து லிட்டர் பதனிக்கு ஒரு கிலோ தேறும்.

கோடை நாலைந்து மாதங்களில் இறங்கும் பதனியை ஆண்டு முழுக்கச் சாப்பிடும் பொருளாக மாற்றிவிடுகிறது இந்தத் தொழில். மின்சாரம் வேண்டாம், குளிர்பதனம் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்தும் உளுந்தங்களியும், மழைக்காலத்துச் சுக்குக் காப்பியும் இதை வைத்துத்தான்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட், 76 லட்சம் பனை விதைகளையும் ஒரு லட்சம் கன்றுகளையும் நடுவதாக அறிவித்தது. பனை வெல்லத்தை ரேஷன் கடைகளில் விற்கும் யோசனையும் அதில் இருந்தது. ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்ற அறிவிப்பும் வந்தது. 2023இல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சீனியைக் கலந்து காய்ச்சிய சரக்கு இதே பெயரில், இதைவிட மலிவாகச் சந்தையில் ஓடுகிறது. மரம் ஏறுகிற தலைமுறைக்கு வயதாகிறது. மகன் ஏன் ஏற வேண்டும் என்று கேட்கும் தகப்பனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரே பதில்தான் இருக்க முடியும்: கட்டுப்படியாகும் விலை. குறியீட்டுச் சான்றிதழை மாட்டி வைத்தால் மட்டும் அந்த விலை வந்துவிடாது. கலப்படத்தைச் சோதித்துப் பிடிக்கும் அதிகாரியும், அசல் சரக்கை நேரே வாங்கும் கூட்டுறவும் வேண்டும்.

விலை எப்படி வரும் என்பதற்குக் கோவில்பட்டியிடம் பதில் உண்டு. 1940களில் மளிகைக் கடையில் தொடங்கிய கடலை மிட்டாய், இன்று ஓர் ஊரின் தொழில். சுற்றுவட்டாரக் கரிசலில் விளையும் நிலக்கடலை, தேனி போன்ற இடங்களிலிருந்து வரும் மண்டை வெல்லம், தாமிரபரணித் தண்ணீர். வறுத்துத் தோல் போக்கிய பருப்பைப் பாகில் போட்டுக் கிளறி, மரப்பலகையில் கொட்டி, சூடு ஆறுமுன் உருட்டுக்கட்டையால் தேய்த்து, கத்தியால் கோடு போட வேண்டும். வேலை மளமளவென்று நடந்தாக வேண்டும். கை தாமதித்தால் பலகையிலேயே இறுகிவிடும். சிறு உற்பத்தியாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2014இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரல் 30 அன்று புவிசார் குறியீடு வாங்கினார்கள். பிறகு அஞ்சல் துறை மூலம் வீடு தேடி அனுப்பும் ஏற்பாடும் வந்தது. நிலக்கடலை விவசாயிக்கு உள்ளூரிலேயே வாங்கும் ஆள் இருக்கிறார், ஊர்ப் பெண்களுக்கு வேலை இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்குச் சில ரூபாயில் புரதம் கிடைக்கிறது. சிறு பண்ணையையும் சிறு உணவுத் தொழிலையும் பிரித்துப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மாவட்டத்தில் இல்லை.

சிறு அளவில் வியாபாரம் செய்யும் தயாரிப்பாளருக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும், உரிமம் தேவையில்லை. 2020இல் தொடங்கிய குறு உணவுத் தொழில் திட்டத்தில் இயந்திரம் வாங்க 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 40,000 ரூபாய்வரை தொடக்க நிதியும் அறிவிக்கப்பட்டது. திட்டம் நல்ல திட்டம். கருப்பட்டி காய்ச்சும் வீட்டுக்கும் கருவாடு காயப்போடும் பெண்ணுக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க, படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஓர் ஆள் ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும்.

முத்து போனது, மீன் இருக்கிறது

கொற்கை முத்தைத் தேடி ரோமாபுரி வணிகம் வந்தது. பிறகு போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் வந்தார்கள். கடலடியில் சிப்பி படியும் திட்டுகளுக்கு இங்கே ‘பார்’ என்று பெயர். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதற்குப் பின் பார்களில் முன்போல் சிப்பி சேரவில்லை. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் கூடிய பழைய முத்துக்குளிப்புக் காலம் திரும்பவில்லை.

முத்து இல்லாமல் ஊர் பிழைத்துக்கொண்டது. மீன் இல்லாவிட்டால் பிழைக்காது. மன்னார் வளைகுடாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் ஊருக்கு மீன் தருவது திரேஸ்புரம் போன்ற கரைகளின் நாட்டுப்படகுகள். சாளையும் காரலும் நெத்திலியும் விளைமீனும் கூடையில் ஏறி, பெண்களின் தலையில் தெருத்தெருவாக வரும். உலகம் முழுக்கவும் இதே நிலைதான்: உலகில் பிடிபடும் மீனில் சுமார் 40 சதவீதம் சிறு மீனவர்களின் வலையில் விழுவது என்கிறது உணவு, வேளாண்மை அமைப்பின் 2023 அறிக்கை.

ஏற்றுமதி இறாலின் பாடு இதற்கு நேர் எதிர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, குளிர்பதன ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் முதல் பண்ணைக்காரர்கள் வரை தவித்தார்கள். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து தூத்துக்குடியில் ஒரு பெண்ணின் தினக்கூலியைத் தொட்டது. திரேஸ்புரத்துச் சாளைக்கு அந்தக் கையெழுத்து தெரியாது.

மீனோடு உப்பும் இங்கேயே விளைகிறது. குஜராத்துக்கு அடுத்து நாட்டுக்கு அதிக உப்புக் கொடுப்பது தூத்துக்குடி. வெயிலில் கண் கூச, பாத்தியில் இறங்கி உப்பு வாரிச் சுமக்கும் பெண்களின் உழைப்பு அது. கடலில் பிடித்த மீனும், பாத்தியில் வாரிய உப்பும், வெயிலும் சேர்ந்தால் கருவாடு. கூரை ஒழுகும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும், படகு போகாத நாளிலும், ஏழை வீட்டில் கஞ்சிக்குத் துணை அதுதான். ஆனால் பெரும்பாலான கரைகளில் கருவாடு இன்னும் மணலில்தான் காய்கிறது. சிமெண்டுக் களமும், வலைப்பந்தலும், சூரிய உலர்த்தியும் பெரிய முதலீடு கேட்பவை அல்ல. வெளித்துறைமுகத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி பேசுகிற ஊரில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்க முடியும்.

நிலம் யாருக்கு

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கும் வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏவுதளத்துக்கு மட்டும் 2,000 ஏக்கருக்கு மேல். 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறக்கப்பட்டது. உடன்குடியிலேயே அனல்மின் நிலையம் எழுகிறது. வேலை வேண்டும், தொழில் வேண்டும். சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோருக்கு இது தெரியும். அதற்காகத் தேரியின் பனங்காடும் கடைமடையின் நஞ்சையும் கரிசல் புஞ்சையும் சும்மா கிடக்கிற இடம் என்று வரைபடத்தில் குறிக்கப்படக் கூடாது. ஆலைக்கு நிலம் எடுக்கும் ஒவ்வொரு திட்டமும், அங்கே ஆண்டுக்கு எத்தனை குவிண்டால் உணவு விளைந்தது என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும். இன்று அந்தக் கணக்கைக் கேட்பவர்கள் குறைவு.

2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. களையெடுப்பது முதல் கருவாடு விற்பது வரை இந்த மாவட்டத்தின் உணவு பெண்கள் கையில்தான் உருவாகிறது. பட்டாவில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இல்லை. பட்டா இல்லாதவளுக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் இழப்பீடும் எளிதில் எட்டுவதில்லை. இதைச் சரிசெய்யப் புதிய ஆண்டு எதுவும் பிறக்கத் தேவையில்லை; வருவாய்த் துறை மனம் வைத்தால் போதும்.

கடைசியாக எட்டயபுரத்துக்கு வர வேண்டும். காமராஜர் 1956இல் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த ஊர் அது. அன்று அரசிடம் பணம் குறைவு. ஊர்மக்கள் கொடுத்த தானியமும் நன்கொடையும் சேர்ந்துதான் பல பள்ளிகளில் உலை கொதித்தது. பக்கத்து வயலில் விளைந்தது பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தட்டுக்குப் போனது. இன்று மதிய உணவோடு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இருக்கிறது. பொங்கலும் கிச்சடியும் சாம்பாரும் தினமும் லட்சக்கணக்கான தட்டுகளில் விழுகின்றன. தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய, இதைவிட நிச்சயமான சந்தை ஒரு சிறு விவசாயிக்குக் கிடையாது.

அந்தச் சமையலறைகளுக்கு வேண்டிய பருப்பிலும் சிறுதானியத்திலும் ஒரு பங்கையாவது, அந்தந்த மாவட்டத்துச் சிறு விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனங்களிடமிருந்து, விதைப்புக்கு முன்பே விலை பேசி வாங்க வேண்டும் என்று அரசு ஓர் ஆணை போடலாம். விளாத்திகுளத்துப் பாசிப்பயறு எட்டயபுரம் பள்ளிக்கூடத்துப் பொங்கலுக்கு வந்துசேர முப்பது கிலோமீட்டர்கூட ஆகாது. வரும் புரட்டாசியில் கரிசலில் விதை விழுவதற்குள் அந்த ஆணையைத் தமிழ்நாடு அரசு போட வேண்டும்.